முதலில் கிளினிக், பிறகு ஆய்வு

இலங்கைத் தமிழர் 102 பேரின் மரபணுத்தொகுதி இணையத்தில் திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. உலகின் எந்த ஆய்வாளரும் பணம் கட்டாமல் அதை இறக்கிப் படிக்கலாம். ‘ஆயிரம் மரபணுத்தொகுதித் திட்டம்’ என்ற பெயரில் 2008இல் தொடங்கிய பெருமுயற்சியின் பயன் இது. அதன் முடிவு 2015இல் வெளியானபோது, 26 மக்கள் குழுக்களைச் சேர்ந்த 2,504 பேரின் டி.என்.ஏ. வாசிக்கப்பட்டிருந்தது. பிரித்தானியாவின் வெல்கம் அறக்கட்டளையும் அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்களும் சீனாவின் பி.ஜி.ஐ. நிறுவனமும் இதற்குத் தோள் கொடுத்தன. அந்த 26 குழுக்களில் ஒன்றின் அடையாளக்குறி எஸ்.டி.யு. ‘பிரித்தானியாவில் வாழும் இலங்கைத் தமிழர்’ என்று அது விரியும். குருதி கொடுத்தவர்கள் பிரித்தானியாவில் குடியிருந்தவர்கள். திருகோணமலையிலோ மட்டக்களப்பிலோ யாழ்ப்பாணத்திலோ இதற்காக ஒருவர் கையிலும் ஊசி ஏறவில்லை. அவர்களுடைய குருதியிலிருந்து வளர்த்த உயிரணுக்கள் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், கொரியல் நிறுவனத்தின் உறைபெட்டிகளில் இருக்கின்றன.

அந்த 102 பேருக்கும் நாம் கடன்பட்டவர்கள். அவர்கள் கை நீட்டியிராவிட்டால் உலகின் அந்த அட்டவணையில் இலங்கைத் தமிழருக்கு ஒரு வரிகூட இருந்திராது. ஆனால் அவர்கள் எல்லோரும் வளர்ந்தவர்கள். அவர்களுடைய நோய் விவரம் எதையும் அந்தத் திட்டம் கேட்கவில்லை. எந்த வயதில் தவழ்ந்தார்கள், எப்போது முதற் சொல் பேசினார்கள், சிறு வயதில் குருதி குறைந்து வெளிறிப்போனார்களா என்பது எதுவும் அதில் இல்லை. குழந்தையின் வளர்ச்சியைப் பற்றிக் கேள்வி கேட்க வேண்டுமானால் குழந்தை இருக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே போவதற்குப் பணம் வேண்டும், கூட்டாளிகள் வேண்டும், பல ஆண்டுகள் அங்கேயே இருக்கும் பொறுமையும் வேண்டும். இந்த அத்தியாயம் அந்தப் பணத்தையும் கூட்டையும் பற்றியது.

மூதூரிலிருந்து ஒரு தாய், இரண்டு வயதாகியும் நிற்காத பிள்ளையைத் திருகோணமலைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பிரசவத்தில் சிக்கல் இல்லை, தைரொயிட்டில் குறை இல்லை, மூளைக்காய்ச்சல் வந்ததில்லை. மரபணுப் பரிசோதனை செய்து பார்க்கலாம் என்று வைத்தியர் சொல்கிறார். மாதிரி வெளியூருக்குப் போகிறது. எந்த மனிதரை எடுத்தாலும் அவருடைய டி.என்.ஏ., அறிவியல் வைத்திருக்கும் மாதிரிப் பிரதியிலிருந்து 40 முதல் 50 இலட்சம் இடங்களில் வேறுபடும். அவற்றில் எது இந்தப் பிள்ளையின் காலைக் கட்டிப்போட்டது? முதல் வடிகட்டல் எளிது: அந்த வேறுபாடு நலமாக வாழும் மற்றவர்களிடமும் பரவலாக இருந்தால் அது காரணமாக இருக்க முடியாது. ஊரில் எல்லார் முற்றத்திலும் கிடக்கும் கல், களவு போன வீட்டு முற்றத்திலும் கிடந்தால் அதைத் தடயம் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் அந்த ஊரின் முற்றங்களை முன்பே யாராவது பார்த்திருக்க வேண்டும். பார்க்காத ஊரில் ஒவ்வொரு கல்லும் தடயமாகத்தான் தெரியும். அப்போது அறிக்கை ‘பொருள் உறுதியாகாத மாற்றம்’ என்ற வரியோடு திரும்பி வரும். காசு செலவழித்த தாய்க்கு அதில் ஒரு பதிலும் கிடையாது.

2019இல் வெளியான ஒரு கணக்கெடுப்பின்படி, நோய்க்கும் மரபணுவுக்கும் தொடர்பு தேடிய உலக ஆய்வுகளில் பங்கெடுத்தவர்களில் 78 சதவீதம் ஐரோப்பிய வம்சாவளியினர். ஆசியா முழுவதற்கும் 10 சதவீதம். உலக மக்கள்தொகையில் பாதிக்கு மேல் ஆசியாவில் வாழ்கிறது என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இந்த ஏற்றத்தாழ்வுக்கு ஐரோப்பியக் குழந்தைகளின் நோய் பெரிது, நம் குழந்தைகளின் நோய் சிறிது என்பது காரணமல்ல. ஆய்வுப் பணம் அங்கே இருந்தது, ஆய்வகமும் அங்கே இருந்தது, மாதிரியும் பக்கத்துத் தெருவிலிருந்தே வந்தது.

பணம் சரியாகச் செலவானால் என்ன நடக்கும் என்பதற்குப் பிரித்தானியாவிலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. வளர்ச்சி தாமதமான, காரணம் புரியாத குழந்தைகளுக்காக வெல்கம் அறக்கட்டளையும் பிரித்தானியச் சுகாதாரத் திணைக்களமும் சேர்ந்து பணம் போட்டன. கேம்பிரிட்ஜுக்கு அருகிலுள்ள சாங்கர் நிறுவனம் டி.என்.ஏ.வை வாசித்தது. பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் உள்ள 24 மரபியல் கிளினிக்குகள் குழந்தைகளையும் பெற்றோரையும் சேர்த்தன. 2023இல் வந்த முடிவில் 13,449 பிள்ளைகளில் ஏறத்தாழ 41 சதவீதத்தினருக்குக் காரணம் கண்டறியப்பட்டிருந்தது. பிள்ளையோடு தாய், தந்தை இருவரின் டி.என்.ஏ.வையும் சேர்த்து வாசித்த குடும்பங்களில் வெற்றி வாய்ப்பு கூடுதல். பெற்றோர் இருவரிடமும் இல்லாமல் பிள்ளையில் புதிதாகத் தோன்றிய மாற்றம் அப்போதுதான் தனித்துத் தெரியும். அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. ஆப்பிரிக்க வம்சாவளிக் குழந்தைகளுக்குப் பதில் கிடைக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. ஒரே நாடு, ஒரே இயந்திரம், ஒரே பணம். இருந்தும் ஒப்பிட்டுப் பார்க்க அதே வம்சாவளியினரின் மரபணுப் பட்டியல் போதாத இடத்தில் குழந்தை நட்டப்படுகிறது.

இந்த வெற்றியைப் பேசுகிறவர்கள் சாங்கரின் இயந்திரங்களைத்தான் புகழ்வார்கள். நான் அந்த 24 கிளினிக்குகளைப் புகழ்வேன். அவை இந்தத் திட்டத்துக்காகத் திறந்தவை அல்ல. திட்டம் வரும் முன்பே அரசின் பொதுச் சுகாதாரச் சேவைக்குள் இருந்தவை, திட்டம் முடிந்த பிறகும் இருப்பவை. ஆய்வின் பதில் வந்து சேர அங்கே ஒரு கதவு இருந்தது.

குருணாகல்

அந்தக் கதவு இலங்கையிலும் ஒருமுறை திறந்திருக்கிறது. குழந்தை வளர்ச்சியின் மரபணுவைப் பற்றி இந்தத் தீவில் நடந்த கூட்டாய்வுகளில் நீண்டதும் பயன் மிகுந்ததும் தலசீமியா ஆய்வு என்பது என் முடிவு.

முதலில் நோயைச் சொல்லிவிடுகிறேன். கருவிலிருக்கும் குழந்தையின் குருதியில் இருப்பது கருக்கால ஈமோகுளோபின். பிறந்த பின் அதை உண்டாக்கும் மரபணு மெல்ல ஓய்கிறது, வளர்ந்தவருக்குரிய ஈமோகுளோபினின் பீட்டாச் சங்கிலியை உண்டாக்கும் மரபணு பொறுப்பேற்கிறது. பதினோராம் நிறமூர்த்தத்தில் இருக்கும் அந்தப் பீட்டா மரபணு இரண்டு பிரதியிலும் பழுதாக இருந்தால்தான் வம்பு. அதனால் தலசீமியாப் பிள்ளை நன்றாகத்தான் பிறக்கும். ஆறு மாதம் கழிந்து கருக்கால ஈமோகுளோபின் விடைபெறும்போதுதான் முகம் வெளிறும், பால் குடிக்கக் களைக்கும், எடை ஏறாது. எலும்பு மச்சை இல்லாத குருதியை உண்டாக்கப் பெருத்து வீங்குவதால் கன்ன எலும்பு மேடேறும், மண்ணீரல் வயிற்றை நிரப்பும். மாதந்தோறும் குருதி ஏற்றினால் பிள்ளை வளரும். ஆனால் ஏற்றும் ஒவ்வொரு பையிலும் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருக்கிறது, அதை வெளியேற்ற உடலுக்கு வழி கிடையாது. ஈரலிலும் இதயத்திலும் கபச் சுரப்பியிலும் இரும்பு படிகிறது. உயரம் நின்றுவிடுகிறது, பருவமடைதல் தள்ளிப்போகிறது. இரும்பை அகற்ற நெடுங்காலம் ஒரு சிறு பம்ப் வழியே இரவு முழுக்கத் தோலடியில் மருந்து ஏற வேண்டியிருந்தது. அதுவும் வாரத்தில் ஐந்து இரவுகளாவது.

பெற்றோர் இருவரும் ஒரு பிரதியில் மட்டும் பழுதுள்ள காவிகளாக இருந்தால் ஒவ்வொரு கருப்பத்திலும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. காவிகளுக்கோ நோய் இல்லை, மலேரியாவிலிருந்து ஓரளவு காப்பும் உண்டு. மலேரியா அலைந்த நிலங்களில் இந்த மரபணு பெருகியதற்குக் காரணம் அதுவாகலாம் என்று பிரித்தானிய மரபியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன் 1949இலேயே ஊகித்தார். கந்தளாய், தம்பலகாமம், மூதூர் வயல்களை அறிந்தவர்களுக்கு மலேரியாவை விளக்க வேண்டியதில்லை. இலங்கை உள்நாட்டு மலேரியாவைக் கடைசியாகக் கண்டது 2012 ஒக்டோபரில். உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டெம்பரில் நாட்டை மலேரியா அற்றதென்று அறிவித்தது. நுளம்பு காவிய நோய் போய்விட்டாலும், அது தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்த மரபணு நம் குருதியில் தங்கிவிட்டது.

டேவிட் வெதரால் 1933இல் லிவர்பூலில் பிறந்த பிரித்தானிய வைத்தியர். 1950களின் பின்பாதியில் கட்டாயப் படைச்சேவைக்காகச் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டபோது, ஒரு கூர்க்கா வீரரின் மகள் ஏன் ஓயாமல் குருதி ஏற்றிக்கொண்டே வாழ்கிறாள் என்ற கேள்வி அவர் முன் வந்தது. வடிதாளையும் கார் பற்றரிகளையும் வைத்து ஈமோகுளோபினைப் பிரித்துப் பார்த்துத் தலசீமியா என்று கண்டுகொண்டார். படையின் அனுமதி கேளாமல் அதை வெளியிட்டதற்காகக் கண்டிக்கவும் பட்டார். பிறகு வாழ்நாள் முழுவதும் அந்த நோயை விடவில்லை. ஆக்ஸ்போர்டில் 1989இல் அவர் நிறுவிய மூலக்கூற்று மருத்துவ நிறுவனம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

1990களில் அந்த ஆக்ஸ்போர்டுக் குழுவும் ராகமையிலுள்ள களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடமும் கைகோத்தன. சாந்திமலா டி சில்வா, அனுஜ பிரேமவர்தன ஆகியோர் இங்கிருந்தும், வெதராலும் கனடாவின் நான்சி ஒலிவியேரியும் வெளிநாட்டிலிருந்தும் சேர்ந்தார்கள். வெல்கம் அறக்கட்டளையின் பணம் இதற்கு முதுகெலும்பு. நோயாளர் அதிகமாக வந்துகொண்டிருந்த குருணாகல் வைத்தியசாலை இதன் களம். கிளினிக்கும் ஆய்வும் ஒரே கூரையின் கீழ் நடந்தன. குருதி ஏற்ற வந்த பிள்ளையின் குருதிதான் ஆய்வுக்கும் போனது, ஆய்வின் முடிவு அதே பிள்ளையின் சிகிச்சைக் கோப்புக்குத் திரும்பியது.

முதற் பெரும் அறுவடை 2000ஆம் ஆண்டு லான்செட் இதழில் வந்தது. ஒன்பது வைத்தியசாலைகளின் 703 நோயாளர், நாட்டின் பல பகுதிகளிலிருந்து 1,600 பள்ளிப் பிள்ளைகள். பீட்டா மரபணுவில் 23 வகை விகாரங்கள் தெரியவந்தன. ஆனால் 70 சதவீத நோயாளரின் துன்பத்துக்கு மூன்றே மூன்று விகாரங்கள் காரணம். அந்த மூன்றில் ஒன்று ஈமோகுளோபின் ஈ என்ற மாறுபட்ட ஈமோகுளோபினை உண்டாக்குவது. இனிவரும் காலத்தில் எந்த நேரத்திலும் 2,000க்கு மேற்பட்ட நோயாளருக்குச் சிகிச்சை தேவைப்படும், சுகாதார வரவுசெலவில் ஏறத்தாழ 5 சதவீதம் இதற்கே போகும் என்று அந்தக் கட்டுரை கணக்கிட்டது. பிற்பாடு 2019இல் வெளியான நாடு தழுவிய கணக்கெடுப்பு 23 நிலையங்களில் 1,774 நோயாளரைக் கண்டது. கணிப்பு எவ்வளவு கிட்ட நின்றது என்று பாருங்கள். ஓர் அரசு இந்த எண்ணை முன்கூட்டி அறிந்தால் குருதி வங்கியையும் மருந்துக் கொள்வனவையும் திட்டமிடலாம். மரபணு ஆய்வின் பயன் என்று நான் சொல்வது இதைத்தான்.

அடுத்தது எனக்கு இன்னும் பிடித்தது. ஒரு பிரதியில் ஈமோகுளோபின் ஈ, மறு பிரதியில் பீட்டாத் தலசீமியா உள்ள பிள்ளைகள் புதிரானவர்கள். ஒரே விகாரச் சோடி உள்ள இருவரில் ஒருவர் மாதந்தோறும் குருதி ஏற்றிக்கொள்வார், மற்றவர் பள்ளி மைதானத்தில் ஓடுவார். குருணாகல் குழு இப்படிப்பட்ட 109 பேரை ஐந்து ஆண்டுகள் கூடவே இருந்து கவனித்தது. அவர்களில் 25 பேர் குருதி ஏற்றாமலே இருந்தார்கள். ஏற்றிக்கொண்டிருந்தவர்களில் மேலும் 37 பேருக்குத் தீங்கின்றி அதை நிறுத்த முடிந்தது. கருக்கால ஈமோகுளோபினைக் கூட்டும் மரபணுக்கள், கடந்துபோன மலேரியாத் தொற்று, வயது ஆகியவை வேறுபாட்டுக்குக் காரணங்களாகத் தெரிந்தன. 2007இல் வந்த தொடர் கட்டுரை வயதின் பங்கைத் துலக்கியது: ஒரே அளவு குருதிச்சோகைக்கு இளம்பிள்ளையின் உடல் குருதி உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொயட்டின் என்ற சுரப்பை அதிகமாக உண்டாக்குகிறது, வயது ஏற ஏற அந்த எதிர்வினை தணிகிறது. மூன்று வயதில் மோசமாகத் தெரிந்த பிள்ளை பத்து வயதில் சமாளிக்கக் கற்றிருக்கலாம். ஆயுள் முழுதும் குருதி ஏற்றுவதென்ற தீர்மானத்தை ஒரு நாள் குருதி எண்ணைப் பார்த்து அவசரமாக எடுக்கக் கூடாது.

இந்த அறிவு 37 குடும்பங்களின் வீட்டுக்கு நேராகப் போய்ச் சேர்ந்தது. மாதிரியை வாங்கிக்கொண்டு விமானம் ஏறியவர்களால் இதைக் கண்டிருக்க முடியாது. ஐந்து ஆண்டுகள் அதே பிள்ளையை அதே கிளினிக்கில் பார்த்தால்தான் தெரியும். இன்னொன்றையும் கவனியுங்கள்: 2000ஆம் ஆண்டுக் கட்டுரையின் முதற்பெயர் டி சில்வா, அந்த 109 பேரைப் பற்றிய 2005ஆம் ஆண்டுக் கட்டுரையின் முதற்பெயர் பிரேமவர்தன. ஆய்வுலகில் முதற்பெயர் என்பது உழைப்புக்கும் பொறுப்புக்கும் உரிமைக்கும் அடையாளம். பணம் இலண்டனிலிருந்து வந்தது, பெயர் இலங்கையில் நின்றது.

பணம் கட்டளையிடும்போது

எல்லாப் பணமும் இப்படி வருவதில்லை. குருணாகல் கூட்டில் இருந்த நான்சி ஒலிவியேரியின் அனுபவம் இதற்குச் சாட்சி. அவர் டொரொன்டோ சிறுவர் வைத்தியசாலையில் தலசீமியாப் பிள்ளைகளுக்கு இரும்பை அகற்றும் டெபெரிப்ரோன் என்ற மாத்திரையைச் சோதித்து வந்தார். இரவு முழுக்க ஊசியோடு படுக்கும் பிள்ளைக்கு ஒரு மாத்திரை எவ்வளவு பெரிய விடுதலை! மருந்து நிறுவனமான அப்போடெக்ஸ் சோதனைக்குப் பணம் கொடுத்தது. ஒப்பந்தத்தில் இரகசியக் காப்பு விதி ஒன்று இருந்தது. மருந்து சில பிள்ளைகளில் போதிய பலன் தரவில்லை என்று ஒலிவியேரி கண்டு, அதைப் பெற்றோரிடம் சொல்ல முனைந்தபோது, 1996இல் நிறுவனம் சோதனையை நிறுத்தியது. வெளியே சொன்னால் வழக்கு என்று எச்சரித்தது. அவர் சொன்னார், ஈரல் பற்றிய ஐயத்தையும் வெளியிட்டார். நிறுவனம் அவருடைய முடிவுகளை மறுத்தது. பல ஆண்டுகள் பிணக்கு நீண்டது. வெதரால் வெளிப்படையாக அவர் பக்கம் நின்றார். கனடாவின் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கம் அமைத்த விசாரணைக் குழு 2001இல் அவருடைய நிலைப்பாடு சரியென்று கூறியது. அந்த மாத்திரை 2011இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்று இன்று பல நாடுகளில் பயனில் இருக்கிறது. அதன் நன்மை தீமை பற்றிய அறிவியல் விவாதம் வேறு. என் கவலை அந்த ஒப்பந்தத்தைப் பற்றியது. தன் பிள்ளையின் உடலில் கண்டறிந்ததைத் தாய்க்குச் சொல்ல இன்னொருவரின் அனுமதி வேண்டும் என்று எழுதிய ஒரு தாளில் எந்த வைத்தியரும் கையொப்பமிடக் கூடாது.

பணத்தின் இன்னொரு முகம் விலை. கருக்கால ஈமோகுளோபினை அணைக்கும் ஆளி பி.சி.எல்.11ஏ என்ற மரபணு என்பது 2007, 2008இல் இலண்டனிலும் இத்தாலியின் சார்தீனியாத் தீவிலும் பொதுப்பணத்தில் நடந்த ஆய்வுகளில் தடயமாகக் கிடைத்தது. சார்தீனியாத் தீவுவாசிகள் ஆயிரக்கணக்கில் குருதி கொடுத்தார்கள். அவர்களிடையேயும் மலேரியாவும் தலசீமியாவும் நெடுங்கதை. அந்த ஆளியை முடக்கும், கிறிஸ்பர் என்ற மரபணுத் திருத்தச் சிகிச்சை 2023 நவம்பரில் பிரித்தானியாவில் அனுமதி பெற்றது. அமெரிக்காவில் அதன் பட்டியல் விலை ஒரு நோயாளருக்கு 22 இலட்சம் டொலர். சிகிச்சைக்கான அறிவைத் தீவுவாசிகள் இலவசமாகத் தந்தார்கள். அந்தச் சிகிச்சை இலங்கைத் தீவின் பிள்ளைக்கு எட்டும் விலையில் இல்லை. மாதிரி கேட்டு வருகிறவரிடம் ‘நாளை மருந்து கிடைத்தால் எங்களுக்கு என்ன விலை’ என்று இன்றே கேட்பதில் எந்த அநாகரிகமும் இல்லை.

துறைமுகத்துக்கு வந்தவர்கள்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை திருகோணமலை மாவட்டத்தின் கரையை அடித்துக்கொண்டு போனது. கிண்ணியா வைத்தியசாலையைக் கடல் உள்ளே புகுந்து நாசமாக்கியது. அதன் பிறகு உதவியோடு ஆய்வாளர்களும் வந்து இறங்கினார்கள். முகாம்களில் படிவங்கள் நிரப்பப்பட்டன. 2005இல் அதுல சுமதிபாலவும் சிசிர சிறிபத்தனவும் லான்செட் இதழில் இதைப் பற்றி எழுதினார்கள். பேரிடரில் நிலைகுலைந்த மனிதரிடம் ஆய்வு செய்யும்போது ஒழுக்கநெறிக் குழுவின் ஒப்புதலும் உண்மையான சம்மதமும் எங்கே என்பது அவர்கள் எழுப்பிய கேள்வி. பேசத் தகுதி உள்ளவர்கள்தான். சுமதிபால இலண்டன் கிங்ஸ் கல்லூரியோடு சேர்ந்து, வெல்கம் பணத்தில், கொழும்பு மாவட்டத்தில் ஏறத்தாழ 4,000 இரட்டையரை வைத்து மரபியல் ஆய்வு நடத்தியவர். வெளிநாட்டுப் பணம் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. எந்த விதியோடு வருகிறது என்றுதான் கேட்டார்.

திருகோணமலைக்கு அந்தக் கேள்வி இன்று முன்னிலும் அவசரம். 2012 தொகைமதிப்பில் மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 3,80,000. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் கணிசமாகச் சேர்ந்து வாழும் மாவட்டம் இது. மூதூரிலும் வெருகலிலும் தமிழ் பேசும் கரையோர வேடர் இருக்கிறார்கள். இலங்கை வேடரிடம் ஈமோகுளோபின் ஈ இருப்பதை 1963இல் வெளியான ஓர் ஆய்வே காட்டிவிட்டது. துறைமுகம் என்பதால் ஆயிரம் ஆண்டுகளாக வந்து கலந்த குருதி வேறு. கொழும்பின் எண்ணையோ குருணாகலின் எண்ணையோ எடுத்து இங்கே ஒட்ட முடியாது. 2000ஆம் ஆண்டு ஆய்வே விகாரங்கள் தீவில் சீராகப் பரவியிருக்கவில்லை என்று சொல்லிற்று. 2017இல் வெளியான பள்ளி மாணவர் குருதிச்சோகை ஆய்வு 25 மாவட்டங்களிலும் ஏழாயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் பார்த்தது. நல்ல தொடக்கம். ஆனால் அவர்கள் இடைநிலைப் பள்ளி மாணவர்கள். முதல் ஆயிரம் நாளில் இருக்கும் பிள்ளை அந்த வலைக்குள் வரவில்லை.

ஒன்றுவிட்ட உறவில் மணம் முடிக்கும் வழக்கம் நம்மிடம் பழையது. மச்சானும் மச்சாளும் மணந்தால் பிள்ளையின் மரபணுக்களில் பதினாறில் ஒரு பங்கு இரு பிரதியிலும் ஒன்றாக வந்து சேரும். மறைந்திருந்த பழுது அப்போது வெளிப்படலாம். இங்கிலாந்தின் பிராட்பர்ட் நகரில் 2007 முதல் 2011 வரை பிறந்த 13,000க்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு, முதல் ஒன்றுவிட்ட உறவுத் திருமணத்தில் பிறவிக் குறைபாட்டின் வாய்ப்பு 3 சதவீதத்திலிருந்து 6 ஆக ஏறுகிறது என்று கண்டது. அதாவது 94 சதவீதப் பிள்ளைகளுக்கு அப்படி எதுவும் இல்லை. அந்த ஆய்வை நகரத்து பாகிஸ்தானிய முஸ்லிம் குடும்பங்கள் விலக்கித் தள்ளவில்லை. உள்ளூர் வைத்தியசாலையே அதை நடத்தியது, முடிவு ஒரு சமூகத்தைக் குற்றம் சாட்டும் தொனியில் சொல்லப்படவும் இல்லை. இங்கே ஒரு நாள் இப்படி ஆய்வு நடந்தால் அதைச் சொல்லும் தொனியும் ஆய்வின் ஒரு பகுதிதான். ‘உங்கள் சாதி, உங்கள் மதம், உங்கள் கலியாணம்’ என்று தொடங்குகிறவரிடம் எந்தத் தாயும் இரண்டாம் தடவை பிள்ளையைக் கொண்டு வரமாட்டார்.

பணம் எங்கிருந்து வரும்? இலங்கை தன் தேசிய உற்பத்தியில் ஆய்வுக்குச் செலவிடுவது 0.1 சதவீதத்தை ஒட்டிய தொகை. 2022 நெருக்கடியில் சாதாரண மருந்துக்கே தட்டுப்பாடு வந்த நாடு இது. ஆகவே வெளிப்பணம் இல்லாமல் நடக்காது. இந்தியா தன் உயிரித் தொழில்நுட்பத் திணைக்களத்தின் பணத்திலேயே 20 நிறுவனங்களைச் சேர்த்து 10,000 பேரின் மரபணுத்தொகுதியை வாசித்து, தரவை பரிதாபாத்தில் தன் சொந்தக் களஞ்சியத்தில் வைத்திருக்கிறது. அயல்நாட்டின் அந்தத் தரவு நமக்கும் உதவும். தமிழகத்தவரின் மரபணுப் பட்டியல் ஈழத்துப் பிள்ளையின் அறிக்கையில் பல ‘உறுதியாகாத’ வரிகளை அழிக்கக்கூடும். ஆனால் கிழக்குக் கரையின் விகாரங்களைக் கிழக்குக் கரையில்தான் தேட வேண்டும்.

அதற்கு வேண்டிய அடித்தளத்தில் பாதி இங்கே ஏற்கெனவே இருக்கிறது என்பதை வெளியிலிருந்து வருகிறவர்கள் காண்பதில்லை. ஒவ்வொரு கருப்பவதியையும் வீடு தேடிப் போய்ப் பதியும் குடும்ப நல உத்தியோகத்தர் ஒவ்வொரு பிரிவிலும் உண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் எடை, உயரம், தடுப்பூசி, வளர்ச்சிப் படிகள் எல்லாம் எழுதப்படும் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு உண்டு. பிறந்தது முதல் பள்ளி போகும் வரை ஒரு பிள்ளையின் வளர்ச்சிக் கோடு அரசின் செலவிலேயே வரையப்படுகிறது. பணக்கார நாடுகள் இப்படியொரு பதிவை ஆய்வுக்காகப் புதிதாக உருவாக்கக் கோடிகளைச் செலவிடுகின்றன. மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதார பராமரிப்பு விஞ்ஞான பீடம் இருக்கிறது. கோணேசபுரியில் அதே பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. திருகோணமலையிலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் அரச வைத்தியசாலைகள் இருக்கின்றன. வெளிப்பணத்தில் வாங்க வேண்டியவை குருதியில் ஈமோகுளோபின் வகைகளைப் பிரிக்கும் கருவி, அதை இயக்கத் தெரிந்த ஆய்வுகூடப் பணியாளர், மரபியல் ஆலோசனை சொல்லத் தெரிந்த தமிழ் பேசும் தாதி. மரபணுத்தொகுதியை வாசிக்கும் இயந்திரம் அதற்குப் பிறகு வந்தால் போதும். அது கொழும்பிலோ வேலூரிலோ இருந்தாலும் பாதகமில்லை.

திருகோணமலையில் பிள்ளை வளர்க்கும் தாய்மாருக்கும் தந்தைமாருக்கும் ஒரு வேண்டுகோள். ஆய்வுக்கென்று பிள்ளையின் குருதியோ எச்சிலோ கேட்டால் உடனே மறுக்காதீர்கள், உடனே கையொப்பமும் போடாதீர்கள். படிவம் தமிழில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் தமிழில் கொண்டுவரச் சொல்லுங்கள். மாதிரி எந்த நாட்டுக்குப் போகிறது, எத்தனை ஆண்டு அங்கே இருக்கும், வேறு ஆய்வுக்குக் கொடுப்பார்களா என்று கேளுங்கள். யார் பணம் தருகிறார்கள், முடிவை மறைக்கும் உரிமை அவர்களுக்கு உண்டா என்று கேளுங்கள். பிள்ளையின் முடிவு எந்த வைத்தியர் மூலம், எந்தக் கிளினிக்கில் உங்கள் கைக்கு வரும் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு ஒரு கிளினிக்கின் பெயரையும் ஒரு திகதியையும் சொல்லக்கூடியவர் வந்தால் பிள்ளையின் கையைக் கொடுங்கள். அந்த ஆய்வு நம் பிள்ளைகளுக்கு வேண்டும்.